பிள்ளைக்கு ஒரு நல்ல ஊசி

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பேருந்தில் போகிற வெளியூர்க்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பது தேயிலைச் சரிவையும் கேத்திப் பள்ளத்தாக்கையும்தான். எல்லநள்ளியில் நாலு பேர் இறங்குவார்கள், நாலு பேர் ஏறுவார்கள், வண்டி கிளம்பிவிடும். அந்தப் பக்கத்தில் ஓர் ஊசித் தொழிற்சாலை இருக்கிறது, அங்கே செய்த ஊசி வெளிநாடுகளில் எத்தனையோ வீட்டுத் தையல் பெட்டிகளில் கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. நீலகிரியில் பிறந்து வளர்ந்த பலருக்கே அது பெயரளவில்தான் தெரியும். நிறுவனத்தின் பெயர் நீடில் இண்டஸ்ட்ரீஸ். கடைகளில் 'போனி' என்ற பெயரில் தையல் ஊசி, பூத்தையல் ஊசி, ஸ்வெட்டர் பின்னும் ஊசி, குரோஷா ஊசி என்று தொங்குகிறதே, அவர்கள் சரக்குதான் அது.

நான் முப்பத்திரண்டு ஆண்டு அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பேரன் பேத்திக்குப் பிறந்தநாள் வருகிறது, என்ன வாங்கித் தரலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கையால் ஏதாவது செய்யப் பழகும் கருவி ஒன்றை, நல்லதாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள் என்பேன். என்ன கருவி என்று கேட்டால், வண்ணப் பென்சில் எல்லாரும் கொடுப்பார்கள், நீங்கள் ஊசியும் நூலும் கொடுங்கள் என்பேன். "குழந்தைக்கு ஊசியா சார்?" என்று கேட்பவர் முகம் மாறிவிடும். பையன் என்றால் இன்னும் கொஞ்சம் மாறும். அந்த முக மாற்றத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. நான் சொல்லும் பதிலுக்குப் பின்னாலும் ஒன்று இருக்கிறது. இரண்டையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நம் ஊரில் ஊசி சின்னப் பொருள், ஆனால் மதிப்பில்லாத பொருள் இல்லை. வள்ளுவர் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நீரும் ஓர் ஊசியும் வைத்துக்கொள்வார், சிந்திய பருக்கையைக் குத்தி எடுக்க, என்று கதை சொல்வார்கள். பட்டினத்தார் கதையிலோ காவிரிப்பூம்பட்டினத்துப் பெரிய வணிகருக்கு அவர் வளர்த்த பிள்ளை விட்டுச் சென்ற பொருள் காதறுந்த ஓர் ஊசி. கோடீஸ்வரரைத் துறவியாக்கிவிட்டது அது. கொல்லர் தெருவில் ஊசி விற்கலாமா என்று பழமொழி வேறு. அதாவது ஊசி என்பது உள்ளூர்க் கொல்லர் செய்துகொடுத்த சரக்கு. எங்கள் மலையில் அந்தக் கொல்லர் வேலை கோத்தர்களுடையது. தோடர் பாலும் நெய்யும் கொடுப்பார்கள், படகர் தானியம் கொடுப்பார்கள், குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவருவார்கள், கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்து கொடுப்பார்கள். சந்தையும் ரூபாயும் மலையேறி வரும்வரை இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் நீலகிரியின் பொருளாதாரம்.

பிறகு வந்தது இங்கிலாந்து ஊசி. அங்கே ரெடிச், ஸ்டட்லி என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்கு வேண்டிய ஊசியில் மிகப் பெரும் பங்கு அந்த வட்டாரத்திலிருந்து போனது. ஆற்று நீரில் ஓடும் சக்கரத்தின் விசையில் ஊசிக்கு மெருகு ஏற்றினார்கள். ரெடிச்சில் அப்படி ஓடிய ஓர் ஆலையை இன்று ஊசி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

ஒரு நல்ல ஊசி பிறக்கும் கதையை நான் ஆச்சரியத்தோடு படித்திருக்கிறேன். எஃகுக் கம்பியை இரண்டு ஊசி நீளத்துக்கு வெட்டுவார்கள். நிமிர்த்துவார்கள். இரண்டு முனையையும் கூராக்குவார்கள். நடுவில் தட்டையாக அடித்து அடுத்தடுத்து இரண்டு காது துளைப்பார்கள். பிறகு நடுவில் ஒடித்தால் இரண்டு ஊசி. காதைச் சுற்றியுள்ள பிசிறைத் தேய்த்து எடுத்ததும் நெருப்பில் செந்தணலாகக் காய்ச்சி எண்ணெயில் முக்குவார்கள். அப்போது ஊசி கடினமாகிவிடும், ஆனால் கண்ணாடி போல ஒடியும். அதனால் மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்துவார்கள். இந்த இரண்டாவது சூடுதான் வளைந்தாலும் நிமிரும் குணத்தைக் கொடுக்கிறது. அதன் பிறகு சோப்பும் அரத்தூளும் சேர்த்துச் சாக்கில் கட்டி மணிக்கணக்காக, நாள்கணக்காக உருட்டுவார்கள். கடைசியில் மெருகு. பத்து ரூபாய்ப் பொருள் என்று நாம் அலட்சியமாக எடுக்கும் ஒன்றுக்குள் இத்தனை வேலை.

இதற்குக் கொடுத்த விலையும் சின்னதில்லை. முனை தீட்டுகிறவர்கள் உலர்ந்த சாணைக் கல்லில் வைத்துத் தீட்டினார்கள். கல்லின் தூளும் எஃகுத் தூளும் மூச்சோடு உள்ளே போய், கூலி அதிகம் வாங்கிய அந்த ஆட்கள் இளம் வயதிலேயே நுரையீரல் கெட்டுச் செத்தார்கள். ஊசி வேலையில் குழந்தைகளும் இருந்தார்கள். இன்று ஒரு குழந்தையின் கையில் ஊசியைப் பரிசாகக் கொடுக்கும்போது, ஒரு காலத்தில் அதே வயதுக் குழந்தைகள் கூலிக்கு ஊசி செய்தார்கள் என்பதை நினைத்துக்கொள்வது நல்லது.

அந்த ஸ்டட்லியின் ஊசிக் கம்பெனி சுதந்திர இந்தியாவில் 1949 ஜூலையில் ஒரு கிளை நிறுவனத்தைப் பதிவு செய்தது. அதுதான் நமது கேத்தித் தொழிற்சாலையின் நிறுவனம். 1961-ல் பர்மிங்காமின் நியூயி கம்பெனியும் பங்கு சேர்ந்தது. மெல்ல மெல்ல இந்தியர்களும் பங்குதாரர்கள் ஆனார்கள். 1974 முதல் நாளில் அந்நியச் செலாவணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது வெளிநாட்டார் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. 1977-ல் இயக்குநர் குழு 16,000 புதுப் பங்குகளை, இரண்டுக்கு ஒன்று என்று, இருக்கும் பங்குதாரர்களுக்கே வழங்க முடிவு செய்தது. இங்கிலாந்துத் தரப்புக்கு அனுப்பிய கடிதம் பங்கு ஒதுக்கும் கூட்டம் நடந்த அன்றுதான் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்க வேண்டுமா? வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது.

தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் 1981 மே 7 அன்று தீர்ப்பு எழுதினார். புதுப் பங்கு வெளியிட்டது வெளிநாட்டுப் பங்குதாரரை ஒடுக்கும் செயல் ஆகாது, ஆனால் அவர்களுக்குச் சேர வேண்டியிருந்த 9,495 பங்குகளின் கூடுதல் மதிப்பை, பங்குக்கு 90 ரூபாய் கணக்கில், தேவஞானம் தலைமையிலான இந்தியத் தரப்பு ஈடாகக் கொடுக்க வேண்டும் என்றார். பெருக்கிப் பார்த்தால் 8,54,550 ரூபாய். கம்பெனிச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த வழக்கின் நீடில் எங்கள் கேத்தியில் செய்கிற தையல் ஊசி என்று தெரியும்? ஊட்டியில் அரசு பெரிய எதிர்பார்ப்போடு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் மூடிவிட்டது. ஃபிலிமின் காலம் போய்விட்டது. ஊசியின் காலம் போகவில்லை.

இது கருவியின் கதை. இனி பரிசின் கதைக்கு வருகிறேன்.

குழந்தைக்குக் கருவியைப் பரிசாகக் கொடுப்பது என்பதை ஒரு முறையாகவே வகுத்தவர் ஜெர்மனியின் ஃபிரெடரிக் ஃப்ரோபெல். கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840-ல் வைத்தவர் அவர்தான். குழந்தைகளுக்காக அவர் வரிசைப்படுத்திய பொருள்களுக்கு அவர் வைத்த பெயரே 'பரிசுகள்'. முதல் பரிசு என்ன தெரியுமா? கம்பளி நூலால் உறை போட்ட ஆறு மெத்தென்ற பந்துகள், ஆறு வண்ணத்தில். அடுத்து மரக் கோளம், உருளை, கனசதுரம். பிறகு கட்டைகள். அதற்கு அப்பால் 'வேலைகள்' என்று ஒரு வரிசை: காகிதம் மடிப்பது, பின்னுவது, அட்டையில் ஊசியால் துளையிட்டு நூல் கோத்துப் படம் தைப்பது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டுக்கு அவருடைய அம்மா 1876-ல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் பார்த்து வந்து இந்த ஃப்ரோபெல் பரிசுகளை வாங்கிக் கொடுத்தார். அந்த மரக்கட்டைகளைத் தொட்ட உணர்வு தன் விரல்களை விட்டுப் போகவே இல்லை என்று வயதான காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். ஒன்பது வயதுப் பையனுக்குக் கொடுத்த பரிசு அது.

1919-ல் ஸ்டுட்கார்ட்டில் ருடால்ஃப் ஸ்டெய்னர் தொடங்கிய பள்ளியில் பையனும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து ஸ்வெட்டர் ஊசி பிடித்துப் பின்னக் கற்றார்கள். அந்த வழி வந்த பள்ளிகளில் இன்றும் முதல் வகுப்பிலேயே பின்னல் உண்டு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர் மூண்டதால் திரும்பிப் போக முடியாமல் சில ஆண்டுகள் கொடைக்கானல் மலையில் தங்கியிருந்தார். பித்தான் போடவும் கயிறு கோக்கவும் பழக்கும் சட்டங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் அவர். குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் என்று போலியைக் கொடுக்காதே, குழந்தையின் கை அளவுக்குச் செய்த உண்மையான பொருளைக் கொடு என்பது அவருடைய வழி. கண்ணாடி டம்ளர் விழுந்தால் உடையும் என்று தெரிந்தால்தான் குழந்தை அதைக் கவனமாகப் பிடிக்கும்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் வந்தது, வேறு வழியில். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டில் கைத்தொழிலை மையமாக வைத்துப் பாடம் நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். அந்தத் திட்டத்தைச் சேவாகிராமத்தில் பல ஆண்டுகள் நடத்திக் காட்டியவர் ஆரியநாயகம், ஓர் இலங்கைத் தமிழர். இங்கே 1946-லிருந்து கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் ஆதாரக் கல்விக்கு ஆதரவு கொடுத்தார். என் வயதுக்காரர்களுக்குத் தக்ளி ஞாபகம் இருக்கும். ஒரு சின்ன உலோகத் தண்டு, கீழே ஒரு வில்லை. தொடை மேல் உருட்டிவிட்டால் சுழலும், மேலே பஞ்சு நூலாகும். நான் நூற்றது பாதி நூல், பாதி முடிச்சு. ஆனாலும் நூல் என்பது முறுக்கேறிய பஞ்சு என்று எனக்குக் கை வழியாகத்தான் தெரிந்தது.

அது ஏன் நிலைக்கவில்லை? இதற்கு நம் மாநிலத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு, அதை மறைத்துவிட்டுக் கைத்தொழிலைப் புகழ்வது நேர்மையில்லை. 1953-ல் ராஜாஜி தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் படிப்பார்கள், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்வார்கள் என்றது திட்டம். வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கும் சக்கிலியர் வீட்டுப் பிள்ளைக்கும் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. நல்லதுதான் நடந்தது. பிறந்த வீட்டை வைத்துப் பிள்ளையின் கையில் கருவியைத் திணித்தால் அது விலங்கு.

ஆனால் அதற்குப் பிறகு நம் வீடுகளில் ஒரு நினைப்பு தங்கிவிட்டது. படிக்கிற பிள்ளைக்குக் கைவேலை எதற்கு என்ற நினைப்பு. பள்ளியில் கைத்தொழில் வகுப்பு கணக்கு வாத்தியாருக்கும் அறிவியல் வாத்தியாருக்கும் கடன் கொடுக்கப்படும் வகுப்பானது. நானும் அப்படி வந்த பீரியடுகளில் கணக்கு நடத்தியவன்தான், தலைமையாசிரியர் உத்தரவு அது. தையல் பெண்பிள்ளைகளோடு நின்றது. ஹெம்மிங், காஜா, ஓட்டுத் தையல் எல்லாம் அவர்களுக்கு. பையன்களுக்கு அந்த நேரத்தில் மைதானம். மேல்நிலைப் படிப்பு முடித்த ஆண் ஒருவன் தன் சட்டைப் பித்தானைத் தைக்கத் தெரியாமல் விடுதியில் பக்கத்து அறைக்காரனைத் தேடுகிறான்.

எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், பையனோ பெண்ணோ, விரும்பினால் எடுத்துக்கொள் என்று கொடுக்கும் ஊசி குலக்கல்விக்கு நேர் எதிரானது. குலக்கல்வி பிள்ளை போகக்கூடிய இடத்தைக் குறுக்கியது. பரிசு ஒரு புது இடத்தைத் திறந்துவிடுகிறது. பொறியாளர் மகன் பின்னலாம், தோட்டத் தொழிலாளி மகள் ஓவியம் வரையலாம்.

இந்த மலையில் ஊசி வேலை எவ்வளவு பெரிய படிப்பு என்பதற்குத் தோடர் பெண்களைப் பாருங்கள். அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி என்ற தடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் முதலில் படம் வரைவதில்லை. சட்டத்தில் மாட்டுவதில்லை. துணியின் பாவையும் ஊடையையும் இழை இழையாக எண்ணிக்கொண்டே ஊசியை ஓட்டுகிறார்கள். ஓரிடத்தில் எண்ணிக்கை தப்பினால் அந்த வரிசை முழுக்கத் தப்பும். முடித்த வேலை இரண்டு பக்கமும் பார்க்க நேர்த்தியாக இருக்கும். நான் ஐந்தாம் வகுப்புக்குச் சமச்சீர் நடத்தும்போது கரும்பலகையில் கோடு போட்டுப் படாத பாடு படுவேன். தோடர் மந்துவில் ஒரு பெண்குழந்தை அதை அம்மா மடியருகே உட்கார்ந்து விரலில் கற்றுவிடுகிறாள். எழுதாத கணக்கு அது.

ஸ்வெட்டர் பின்னலும் கணக்குதான். குளிர்ப் பிரதேசம் என்பதால் எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் கையில்கூட ஊசியும் நூலும் ஓடிக்கொண்டிருக்கும். என் அம்மா பின்னும்போது உதடு அசையும், நாங்கள் ஜபம் என்று நினைப்போம். கண்ணி எண்ணுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. பள்ளிச் சீருடை ஸ்வெட்டர் எங்களுக்கு வீட்டில்தான். கை வளர்ந்ததும் கைப்பகுதியை மட்டும் அவிழ்த்து நீளமாகப் பின்னிவிடுவார். கடையில் வாங்கிய ஸ்வெட்டரில் அது நடக்காது.

சரி, இனி கடைக்குப் போவோம்.

சில மாதம் முன்பு எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு, நாலாம் வகுப்பு, உறவினர் ஒருவர் நகரத்திலிருந்து ஒரு கைவேலைப் பெட்டி வாங்கி வந்தார். யார் தயாரிப்பு என்று இங்கே வேண்டாம். பெட்டி அழகாக இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் ஊசி, நடுவில் அச்சு ஒட்டிய கோடு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தது. காதுக்குள்ளும் பிசிறு. நூல் ஒவ்வொரு இழுப்புக்கும் பிரிந்தது. கத்தரிக்கோல் காகிதத்தையே மென்றது. இருபது நிமிடம் போராடிவிட்டு அந்தப் பையன் எங்கள் திண்ணைக்கு வந்து, "எனக்கு இதெல்லாம் வராது தாத்தா" என்றான். என் மனைவியின் பெட்டியிலிருந்து மழுங்கிய முனையுள்ள ஓர் எஃகு ஊசியை எடுத்து அதே துணியில் போடச் சொன்னேன். அரை மணியில் ஒரு வரிசை ஓட்டுத் தையல் போட்டான். கோணலாகத்தான் இருந்தது. அவன் அம்மாவிடம் காட்ட ஓடினான்.

நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். பெரியவர்கள் கையில் கெட்ட கருவி அகப்பட்டால் கருவியைத் திட்டுவோம். குழந்தைக்கு அது தெரியாது. கருவியின் குறையைத் தன் கையின் குறையாக எடுத்துக்கொள்ளும். எனக்கு வராது என்று ஒரு முறை முடிவு கட்டிவிட்டால் அந்தப் பக்கம் பிறகு திரும்பாது. குழந்தைதானே, மட்டமானது போதும் என்று நாம் வாங்குகிறோம். பழகிய கை மட்டமான கருவியையும் சமாளிக்கும். பழகாத கைக்குத்தான் நல்லது வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். என் மனைவி சொல்லித் தந்ததும் இதில் பாதி.

நாலைந்து வயதுக்கு ஊசி வேண்டாம். துளையிட்ட அட்டையும் முனை கெட்டியான ஷூ லேஸும் போதும், பெரிய மரமணிகள் இருந்தால் இன்னும் நல்லது. ஆறு வயதுக்கு மேல் டேப்பஸ்ட்ரி ஊசி கேட்டு வாங்குங்கள். முனை மழுங்கியிருக்கும், காது அகலம். 16 அல்லது 18-ம் நம்பர் சின்னக் கைக்குச் சரி. இதில் ஒரு வேடிக்கை, ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். பெரிய பிள்ளைக்குப் பெரிய நம்பர் என்று வாங்கிவிடாதீர்கள். துணி இழை தெரியும்படி இருக்க வேண்டும், மேட்டித் துணி நல்லது, வீட்டில் இருக்கும் சுத்தமான சணல் சாக்குத் துண்டும் சரிதான். காதில் நூலைக் கோத்து ஏழெட்டுத் தடவை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தால் அந்த ஊசி வேண்டாம்.

நூலுக்கு அங்கர் போன்ற, சாயம் போகாத பூத்தையல் நூல் வாங்குங்கள். நமக்கு அதை விற்கும் மதுரா கோட்ஸின் வேர் 1880-களில் தாமிரபரணி நீரின் விசையில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தொடங்கிய ஆலை. தூத்துக்குடியில் அவர்களுடைய கோரல் மில்லில்தான் 1908-ல் வ.உ.சி. தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்தினார். அந்த நூலில் ஆறு இழை சேர்ந்திருக்கும். குழந்தைக்கு ஆறையும் பிரிக்காமல் கொடுங்கள், பிறகு மூன்று, பிறகு இரண்டு. ஒரே நூலில் வருடக்கணக்காக வளரலாம்.

எட்டு வயதுக்கு மேல் பின்னல். ஸ்வெட்டர் ஊசியிலும் நம் கடைகளில் பழைய ஆங்கில நம்பர்தான் ஓடுகிறது, இங்கும் தலைகீழ்க் கணக்கு. 10-ம் நம்பர் மூன்றேகால் மில்லிமீட்டர், 8-ம் நம்பர் நாலு, 6-ம் நம்பர் ஐந்து. தொடக்கத்துக்கு 6 அல்லது 8, நீளம் குறைவாக. நீள ஊசி குழந்தையின் மடியில் இடிக்கும். மேசைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், நேராக இருந்தால் தடுமாறாமல் உருளும். முனையை உள்ளங்கையில் இழுத்துப் பாருங்கள், கீறக் கூடாது. நூல் வெளிர் நிறத்தில், ஒரே நிறத்தில், வழவழவென்று முறுக்கு சீராக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி தெரியாது. முடி முடியாக நிற்கும் அலங்கார நூல் கடையில் கண்ணைப் பறிக்கும், கையில் அழவைக்கும்.

கத்தரிக்கோல் முனை உருண்டையாகவும் அலகு கூராகவும் இருக்க வேண்டும். வெட்டாத கத்தரிக்கோல் பாதுகாப்பானது என்று நினைப்பது தப்பு. வெட்டாவிட்டால் பிள்ளை பலம் கொடுக்கும், பலம் கொடுக்கும்போதுதான் வழுக்கும். கடைசியாக, எல்லாவற்றையும் போட்டுவைக்க மூடியுள்ள ஒரு பழைய பிஸ்கட் டப்பா. எத்தனை ஊசி உள்ளே போனதோ அத்தனை ஊசி திரும்ப உள்ளே வந்தாக வேண்டும், தினமும் எண்ணி வைக்க வேண்டும் என்று முதல் நாளே பழக்கிவிடுங்கள். கணக்கு வாத்தியார் சொல்வதால் இல்லை, தரையில் கிடக்கும் ஊசி யார் காலையும் பார்க்காது.

இவ்வளவும் சேர்த்தால்கூடப் பெட்டிப் பெட்டியாக வரும் கைவேலைச் சாமான்களை விடச் செலவு கம்மியாகத்தான் வரும். பத்துப் பொருள் மட்டமாக இருப்பதற்கு மூன்று பொருள் நல்லதாக இருக்கட்டும். ஊட்டிக்கு வருகிறவர்கள் வர்க்கியும் சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிப் போகிறார்கள், சந்தோஷம். கூடவே ஒரு ஜோடி ஸ்வெட்டர் ஊசியும் இரண்டு உருண்டை நூலும் வாங்கிப் பாருங்கள். இந்த மலையின் பொருள்தான் அதுவும்.

வாங்கிக் கொடுத்ததோடு நம் வேலை முடிவதில்லை. ஒரு மணி நேரம் கூட உட்கார வேண்டும். உங்களுக்கே தெரியாவிட்டால் தெரிந்த பாட்டி ஒருத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து நீங்களும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு அதைவிடக் கொண்டாட்டம் கிடையாது. முதல் வரிசையில் கண்ணி விட்டுப் போயிருக்கும். அகலம் ஓரிடத்தில் குறுகும், ஓரிடத்தில் விரியும். அவிழ்த்துச் சரிசெய்து கொடுக்க உங்கள் கை துடிக்கும். தொடாதீர்கள். அந்தக் கோணல் துண்டை அப்படியே தேதி எழுதி அலமாரியில் வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பின்னியதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, தன் கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். மதிப்பெண் போட வேறு வாத்தியார் தேவைப்படாது.